பகலில் ஓடும் நாய் இருட்டில் ஏன் தயங்குகிறது? பரம்பரைக் கண் நோயும், முன்கூட்டியே பரிசோதிப்பதன் அவசியமும்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் பழைய கிடங்குகளுக்கு நடுவே போகும் சந்துகளில் இரவு எட்டு மணிக்கு மேல் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு விளக்குக்கும் அடுத்த விளக்குக்கும் இடையே நல்ல இருட்டு. வாசற்படிகள் ஒரே உயரத்தில் இருக்காது. மழைக்காலம் என்றால் எது தரை, எது ஓடை என்றே தெரியாது. மனிதர்கள் மொபைல் டார்ச்சை அடித்துக்கொண்டு நடக்க வேண்டும். நாய்க்கு அது தேவையில்லை, மங்கிய வெளிச்சத்தில் மனிதரைவிட நாய்க்கு நன்றாகவே கண் தெரியும்.

அப்படிப்பட்ட நாய், அதுவும் நான்கைந்து வயதே ஆன லாப்ரடார், இருட்டான படிக்கட்டில் கால் வைக்கத் தயங்கினால் என்ன நினைப்போம்? "வெயிட் போட்டுட்டான்", "சோம்பேறி ஆயிட்டான்", "எதையோ பாத்து பயந்திருப்பான்". பெரும்பாலான வீடுகளில் இதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆனால், அது ஒரு பரம்பரைக் கண் நோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். வலி இல்லாமல், சிவக்காமல், நீர் வடியாமல் மெல்ல மெல்லப் பார்வையைப் பறிக்கும் இந்த நோய்க்கு இன்றுவரை குணப்படுத்தும் சிகிச்சை இல்லை. ஆனால் அடுத்த தலைமுறைக் குட்டிகளுக்கு இது வராமல் தடுக்க முடியும். அதற்கு ஒரு மரபணுப் பரிசோதனையும், ஆண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனையும் போதும். இவை எப்படி வேலை செய்கின்றன, எப்போது செய்ய வேண்டும், கொச்சியில் இருப்பவர்கள் எங்கே போகலாம் என்பதைப் பார்க்கலாம்.

பிஆர்ஏ என்றால் என்ன?

நாய்களுக்கு வரும் பரம்பரைக் கண் நோய்களில் அதிகம் பேசப்படுவது, விழித்திரை படிப்படியாகச் சிதையும் நோய். கால்நடை மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக 'பிஆர்ஏ' என்பார்கள்.

விழித்திரை என்பது கண்ணின் உள்சுவரை ஒட்டியிருக்கும் மெல்லிய நரம்புப் படலம். கேமராவுக்கு சென்சார் எப்படியோ, கண்ணுக்கு விழித்திரை அப்படி. அதில் ஒளியை உணரும் செல்கள் இரண்டு வகை. மங்கிய வெளிச்சத்திலும் அசைவைக் கண்டுபிடிப்பதிலும் வேலை செய்பவை குச்சி செல்கள். பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் கூம்பு செல்கள். நாயின் விழித்திரையில் குச்சி செல்கள்தான் மிக அதிகம்.

பிஆர்ஏ-வின் பெரும்பாலான வகைகளில் முதலில் குச்சி செல்கள் செயலிழக்கின்றன. எனவே முதலில் போவது இரவுப் பார்வை, அதாவது மாலைக்கண். பகலில் பந்தை விரட்டும், வாசலில் யார் வந்தாலும் அடையாளம் கண்டு குரைக்கும். விளக்கை அணைத்தால் மட்டும் தடுமாறும். பிறகு கூம்பு செல்களும் சிதையத் தொடங்க, மாதங்களிலோ ஆண்டுகளிலோ பகல் பார்வையும் போய்விடும்.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட நோய் அல்ல. கார்டன் செட்டர் இன நாய்களில் இருப்பதை 1911-லேயே ஸ்வீடனில் பதிவு செய்திருக்கிறார்கள். பிஆர்ஏ என்பது ஒரே நோயும் அல்ல. வெவ்வேறு மரபணுக்களில் ஏற்படும் வெவ்வேறு பிழைகளால் வரும் ஒரு நோய்க் கூட்டம். இவற்றில் பல இனங்களில் பரவலாகக் காணப்படுவது 'பிஆர்சிடி' என்ற மரபணுவில் ஏற்படும் பிழை. 2006-ல் இது கண்டறியப்பட்டபோது, மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியதுதான் காரணம் என்று தெரிந்தது. லாப்ரடார், காக்கர் ஸ்பேனியல், பூடில் என்று இருபதுக்கும் மேற்பட்ட இனங்களில் அதே பிழை இருக்கிறது.

இதில் லாப்ரடாரும் காக்கர் ஸ்பேனியலும் நம் ஊர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அதிகம் பார்க்கும் நாய்கள். பூடிலும் இப்போது மெல்ல வந்துகொண்டிருக்கிறது. ஆகவே இது எங்கோ வெளிநாட்டு டாக் ஷோக்களின் பிரச்னை அல்ல.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஏன் தாமதமாகத் தெரிகிறது?

நாய் கண்ணை மட்டும் நம்பி வாழ்வதில்லை. மூக்கு, காது, மீசை முடி, ஞாபகம் எல்லாம் சேர்ந்துதான் அதன் உலகம். சோபா எங்கே இருக்கிறது, தண்ணீர்க் கிண்ணம் எங்கே, எத்தனை படி இறங்கினால் தெரு என்பதெல்லாம் அதற்கு மனப்பாடம். பார்வை மெதுவாகக் குறையும்போது மற்ற புலன்கள் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டே வருகின்றன. அதனால் பாதிக்கு மேல் பார்வை போன நாய்கூட வீட்டுக்குள் சாதாரணமாக நடமாடும்.

எப்போது குட்டு வெளிப்படும்? வீடு மாறும்போது. ஃபர்னிச்சரை இடம் மாற்றும்போது. வேலைக்காகச் சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ கொச்சிக்கு வந்து, பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். புது வீட்டில் முதல் வாரம் முழுக்க நாய் முட்டிக்கொண்டே இருந்தால், "இன்னும் செட் ஆகலை" என்று விட்டுவிடாதீர்கள். பழைய வீட்டில் அதை வழிநடத்தியது கண் அல்ல, ஞாபகமாக இருந்திருக்கலாம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

- இருட்டில் படி இறங்க, காரில் ஏற, மொட்டை மாடிக்கு வரத் தயங்குவது
- இரவு நடைப்பயிற்சியில் உங்கள் காலோடு ஒட்டியே நடப்பது
- கண்மணி எப்போதும் பெரிதாக விரிந்தே இருப்பது
- இருட்டில் கண் வழக்கத்தைவிட அதிகமாகப் பளபளப்பது
- தரையில் உருளும் பந்தைக் கண்டுபிடிக்க மூக்கைப் பயன்படுத்துவது

கண் ஏன் அதிகமாகப் பளபளக்க வேண்டும்? நாயின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. இரவில் நாயின் கண் மின்னுவது அதனால்தான். விழித்திரை மெலிந்துகொண்டே போனால், உள்ளே போகும் ஒளியைத் தடுத்து உறிஞ்ச ஆள் குறைவு. அதனால் பின்னாலிருக்கும் படலம் இன்னும் பிரகாசமாகத் தெரியும்.

வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை செய்து பார்க்கலாம். விளக்கை மங்கலாக்கி, நாய் எதிர்பார்க்காத இடத்தில் இரண்டு மூன்று நாற்காலிகளைப் போட்டு, அறையின் மறுமுனையில் இருந்து ஒருமுறை கூப்பிடுங்கள். பிறகு வெளிச்சத்தில் அதையே வேறு வரிசையில் செய்யுங்கள். வெளிச்சத்தில் சுலபமாக வந்து, மங்கலில் முட்டினால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் கிடைத்துவிட்டது. இன்னொன்று: கண் முன்னால் ஒரு பஞ்சு உருண்டையைப் போடுங்கள். பஞ்சுக்குச் சத்தமும் இல்லை, பெரிதாக வாசமும் இல்லை. நாயின் பார்வை அதைப் பின்தொடர்கிறதா என்று பாருங்கள். இவை நோயைக் கண்டறியும் பரிசோதனைகள் அல்ல. டாக்டரிடம் போக வேண்டுமா என்று முடிவு செய்ய உதவும், அவ்வளவுதான்.

எல்லாப் பார்வைக் குறைவும் பரம்பரை நோயா?

இல்லை. இங்கேதான் கவனம் தேவை. பிஆர்ஏ மெதுவாக வரும், இரண்டு கண்ணையும் ஒரேபோலப் பாதிக்கும், வலி இருக்காது. இந்த மூன்றில் ஒன்று பொருந்தவில்லை என்றாலும் வேறு காரணம் இருக்கலாம். அவற்றில் சில, உடனே போனால் சரிசெய்யக்கூடியவை.

உண்ணிக் காய்ச்சல்: கேரளத்தின் ஈரமான வெப்பத்தில் உண்ணித் தொல்லை ஆண்டு முழுக்க உண்டு. உண்ணி பரப்பும் எர்லிக்கியா தொற்று கண்ணுக்குள் அழற்சியையும் ரத்தக் கசிவையும் உண்டாக்கும். திடீரெனப் பார்வை மங்கினால், கண் சிவந்தால், கண்ணுக்குள் ரத்தம் தெரிந்தால், நாய் சாப்பாட்டை ஒதுக்கினால் ரத்தப் பரிசோதனை முதல் வேலை.

கண் அழுத்தம்: குளுக்கோமா எனப்படும் இது அவசர நிலை. கண் சிவந்து, கருவிழி நீலம் பாரித்ததுபோல மங்கி, நாய் கண்ணை இடுக்கிக்கொண்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அழுத்தம் ஏறிய கண்ணில் ஒன்றிரண்டு நாளிலேயே பார்வை நிரந்தரமாகப் போகலாம். காக்கர் ஸ்பேனியல், பாசெட் ஹவுண்ட் போன்ற இனங்களில் இதுவும் பரம்பரையாக வரும்.

கண்புரை: கண்ணின் லென்ஸ் வெளுத்துப்போவது. பரம்பரையாகவும் வரலாம், சர்க்கரை நோயாலும் வரலாம். மனிதர்களுக்குச் செய்வது போன்ற அறுவை சிகிச்சையால் பல நாய்களுக்குப் பார்வை திரும்புகிறது.

மருந்து: உண்ணிக்காக ஐவர்மெக்டின் அளவு மீறிப் போனாலும் நாய்க்குத் தற்காலிகமாகப் பார்வை போகலாம். யாரோ சொன்னார்கள் என்று கடையில் வாங்கிக் கொடுத்திருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இதில் ஒரு சிக்கல் என்னவென்றால், பிஆர்ஏ முற்றிய நாய்களுக்குக் கண்புரையும் சேர்ந்து வருவது வழக்கம். வெள்ளையாகத் தெரிவது கண்புரை மட்டும்தான் என்று நினைத்து ஆபரேஷன் செய்துவிட்டால், லென்ஸ் சரியாகும், பார்வை வராது. அதனால்தான் ஆபரேஷனுக்கு முன் விழித்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க ஈஆர்ஜி என்ற மின் பரிசோதனை செய்கிறார்கள். இதயத்துக்கு ஈசிஜி மாதிரி, விழித்திரைக்கு இது.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நன்றாகக் கண் தெரியும், குட்டிக்கு மட்டும் எப்படி?

பிஆர்சிடி வகை பிஆர்ஏ ஒடுங்கு பண்பாக வருகிறது. பள்ளிக்கூட அறிவியலில் படித்த மெண்டலின் பட்டாணிச் செடி ஞாபகம் இருந்தால் போதும். ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதிகள். ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. இரண்டு பிரதியிலும் பிழை இருந்தால்தான் நோய் வரும். ஒன்றில் மட்டும் இருந்தால் அந்த நாய் 'கேரியர்'. வாழ்நாள் முழுக்க அதற்கு இந்த நோய் வராது, ஆனால் பிழையைக் குட்டிக்குக் கடத்தும்.

கணக்கு இப்படிப் போகும்:

- இரண்டுமே கேரியர் என்றால்: ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர 25 சதவீதம், கேரியராக 50 சதவீதம், பிழையே இல்லாமல் பிறக்க 25 சதவீதம் வாய்ப்பு.
- ஒன்று கேரியர், இன்னொன்று பிழை இல்லாதது என்றால்: எந்தக் குட்டிக்கும் நோய் வராது. பாதிக் குட்டிகள் கேரியராக இருக்கலாம்.
- ஒன்று நோய் உள்ளது, இன்னொன்று பிழை இல்லாதது என்றால்: எல்லாக் குட்டியும் கேரியர், ஆனால் எதற்கும் நோய் வராது.
- ஒன்று நோய் உள்ளது, இன்னொன்று கேரியர் என்றால்: ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர 50 சதவீதம் வாய்ப்பு.

ஆக, "அப்பா அம்மா ரெண்டையும் நேர்ல பாத்தோம், கண்ணு நல்லா இருந்துச்சு" என்பது எந்த உத்தரவாதமும் இல்லை. இரண்டு கேரியர்களும் பார்க்க ராஜா மாதிரிதான் இருக்கும்.

எல்லா வகையும் இப்படி வருவதில்லை. சைபீரியன் ஹஸ்கியில் காணப்படும் ஒரு வகை, தாயின் எக்ஸ் குரோமோசோம் வழியாக ஆண் குட்டிகளை அதிகம் தாக்கும். புல்மாஸ்டிஃபில் உள்ள ஒரு வகைக்கு ஒரே ஒரு பிழைப் பிரதி போதும்.

18 மாதமும் 5 வயதும்

இந்த நோய் ஏன் தலைமுறை தலைமுறையாக ஒளிந்து வாழ்கிறது என்பதற்கான விடை இரண்டு எண்களில் இருக்கிறது.

நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பாக மத்திய அரசு 2017-ல் விதிகளைக் கொண்டுவந்தது. அதன்படி, நாய் இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பெண் நாய்க்கு 18 மாதம் ஆன பிறகே இணைசேர்க்கலாம். ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. இணைசேர்க்கும் முன் கால்நடை மருத்துவரின் ஆரோக்கியச் சான்று வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது.

நல்ல விதிகள்தான். ஆனால் பிஆர்சிடி வகை பிஆர்ஏ வெளியே தெரியத் தொடங்குவது இனத்தைப் பொறுத்துப் பெரும்பாலும் 3 முதல் 6 வயதுக்குள். 18 மாதத்தில் அந்த நாயைப் பரிசோதிக்கும் மருத்துவருக்கு அது முழு ஆரோக்கியமாகவே தெரியும். விதிகளை ஓர் எழுத்துகூட மீறாத ஒரு பிரீடரிடம்கூட, நோய் வெளிப்படும் நாளுக்குள் அந்தப் பெண் நாய் மூன்று ஈற்று போட்டிருக்கும். ஈற்றுக்கு ஆறேழு குட்டி என்று வைத்தால், இருபது வீடுகளுக்கு அந்தப் பிழை போய்ச் சேர்ந்துவிட்டது. ஆண் நாய் என்றால் கணக்கே வேறு. டாக் ஷோவில் பரிசு வாங்கிய ஒரு 'ஸ்டட்'டை ஊரெல்லாம் கூப்பிடுவார்கள்.

இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது மரபணுப் பரிசோதனை. அது நாயின் வயதைப் பார்ப்பதில்லை. இரண்டு மாதக் குட்டியிடமும் அதே விடையைத்தான் சொல்லும்.

மரபணுப் பரிசோதனை செய்தால் கண் பரிசோதனை வேண்டாமா?

இரண்டும் வேண்டும். இரண்டும் பதில் சொல்வது வேறு வேறு கேள்விகளுக்கு.

மரபணுப் பரிசோதனைக்குக் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் தேய்த்த மாதிரியோ, கொஞ்சம் ரத்தமோ போதும். வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும், ஏனென்றால் மரபணு மாறப்போவதில்லை. ஆனால் எந்தப் பிழையைத் தேடச் சொன்னோமோ அதை மட்டுமே அது தேடும். உதாரணமாக, கோல்டன் ரெட்ரீவரில் பிஆர்சிடி தவிர, வேறு இரண்டு மரபணுப் பிழைகளாலும் பிஆர்ஏ வருகிறது. பிஆர்சிடி மட்டும் பார்த்து 'கிளியர்' என்று வந்தால், அந்த நாய்க்கு பிஆர்ஏ-வே வராது என்று அர்த்தம் இல்லை. ஆகவே உங்கள் இனத்துக்கு எந்தெந்தப் பரிசோதனை பொருந்தும் என்று லேபிடம் கேட்டுச் செய்ய வேண்டும்.

கண் பரிசோதனை, இன்று கண் எப்படி இருக்கிறது என்று சொல்லும். மரபணு இன்னும் கண்டுபிடிக்கப்படாத நோய்களும் இதில் சிக்கும். மருத்துவர் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியவைத்து, இருட்டறையில் விழித்திரையைப் பார்ப்பார். கண் அழுத்தம், கண்ணீர்ச் சுரப்பு, கருவிழிப் புண், இமை உள்மடிப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கலாம். ஷிட்சு, பக் போன்ற தட்டை மூஞ்சி நாய்களுக்கு விழித்திரையைவிட இந்தக் கடைசி மூன்றும்தான் அதிகத் தொல்லை. பரிசோதனைக்கு வலி இல்லை. சொட்டு மருந்தின் விளைவு போகும்வரை சில மணி நேரம் வெளிச்சம் கூசும், அன்று மதிய வெயிலில் நடக்கக் கூட்டிப் போகாதீர்கள்.

ஒருமுறை பார்த்தால் போதாதா? போதாது. மூன்று வயதில் சுத்தமாக இருந்த விழித்திரை ஐந்து வயதில் அப்படி இருக்க வேண்டியதில்லை. அதனால்தான் இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தும் நாய்களுக்கு ஆண்டுதோறும் கண் பரிசோதனை என்பதை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிபுணர்கள் பரிந்துரைக்கிறார்கள். சில நோய்களுக்கு நேர்மாறான விதி: கோலி இனத்தில் பிறவியிலேயே வரும் ஒரு விழித்திரைக் கோளாறை 6 முதல் 8 வார வயதில் பார்த்தால்தான் தெளிவாகத் தெரியும். பிறகு நிறமி படர்ந்து அது மறைந்துபோகலாம். நாய் பார்க்க நார்மல், மரபணுவில் பிழை அப்படியே இருக்கும்.

பரிசோதனையால் பலன் உண்டா என்று கேட்டால், ஐரிஷ் செட்டரின் கதையைச் சொல்லலாம். 1940-களில் பிரிட்டனில் இந்த இனத்தில் பிஆர்ஏ பெரிய தலைவலியாக இருந்தது. அப்போது மரபணுப் பரிசோதனை கிடையாது. சந்தேகமான நாயை நோயுள்ள நாயோடு இணைசேர்த்து, பிறக்கும் குட்டிகளின் கண்ணைப் பார்த்துத்தான் அது கேரியரா இல்லையா என்று முடிவு செய்தார்கள். பார்வையில்லாத குட்டிகளைப் பிறக்கவைத்துத்தான் உண்மையைத் தெரிந்துகொள்ள முடிந்தது. அப்படியும் நோயை வெகுவாகக் குறைத்தார்கள். 1993-ல் அந்த இனத்தின் பிழை மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. அன்று ஒரு ஈற்றுக் குட்டிகளை வைத்துத் தெரிந்துகொண்டதை இன்று ஒரு பஞ்சுக் குச்சி சொல்லிவிடுகிறது.

கேரியர் என்று வந்தால் அந்த நாயை ஒதுக்கிவிட வேண்டுமா?

வேண்டாம். இது பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். கேரியர் நாய் நோயாளி அல்ல. நல்ல குணம், நல்ல இடுப்பு மூட்டு, நல்ல இதயம் கொண்ட ஒரு கேரியரை, பிழை இல்லாத நாயோடு மட்டும் இணைசேர்த்தால் ஒரு குட்டிக்கும் நோய் வராது. எல்லாக் கேரியர்களையும் ஒரே நாளில் விலக்கினால் மிச்சமிருக்கும் சில நாய்களை வைத்தே இனத்தை ஓட்ட வேண்டிவரும். ஒரு நோயை விரட்டப்போய், நெருங்கிய உறவில் இணைசேர்த்து வேறு நாலு நோயைக் கூப்பிட்டதாகிவிடும்.

செய்யக் கூடாதது ஒன்றுதான்: பரிசோதிக்காத இரண்டு நாய்களை அதிர்ஷ்டத்தை நம்பி இணைசேர்ப்பது. பெரிய பிரீடர்கள் மட்டும் அல்ல, "வாழ்க்கையில ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே" என்று பக்கத்து அபார்ட்மென்ட் லாப்ரடாரோடு சேர்த்துவிடும் நம்மைப் போன்றவர்களும் இதைத்தான் செய்கிறோம்.

கொச்சியில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

2021-ல் திருவனந்தபுரம் அருகே அடிமலத்துறை கடற்கரையில் புரூனோ என்ற லாப்ரடார் அடித்துக் கொல்லப்பட்டது நினைவிருக்கலாம். அதைத் தொடர்ந்து கேரள உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில், வளர்ப்பு விலங்குகளுக்கு உள்ளாட்சி அமைப்புகளிடம் உரிமம் பெறுவது வலியுறுத்தப்பட்டது. உரிமத்துக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று வேண்டும். ஆக, மட்டாஞ்சேரியில் நாய் வளர்ப்பவர் எப்படியும் ஆண்டுக்கு ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் போகத்தான் போகிறார். அதே நாளில், "டாக்டர், கண்ணையும் ஒருமுறை பாருங்கள்" என்று கேட்பது தனியாக லீவ் போட வேண்டிய வேலை இல்லை.

உள்ளூர் மருத்துவர் அடிப்படைப் பரிசோதனைகளைச் செய்வார். விழித்திரையில் சந்தேகம் என்றால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார். கேரள கால்நடை பல்கலைக்கழகத்தின் கீழ் திருச்சூர் அருகே மண்ணுத்தியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், திருச்சூர் நகரில் கொக்காலையில் பல்கலைக்கழக மருத்துவமனையும் உள்ளன. ஊருக்குப் போகும்போது காட்டலாம் என்றால், சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் கண் சிகிச்சைக்குத் தனிப் பிரிவு உண்டு, கண்புரை அறுவை சிகிச்சையும் நடக்கிறது. எங்கே போவதானாலும் முதலில் போன் செய்து, கண் பிரிவு எந்தக் கிழமை, ஈஆர்ஜி வசதி இப்போது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

சிகிச்சையே இல்லையா?

பிஆர்சிடி வகைக்கு இதுவரை இல்லை. மாலைக்கண் என்றதும் கேரட், முருங்கைக்கீரை, மீன் எண்ணெய் என்று ஆரம்பிப்போம். மனிதர்களுக்கு வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அது சரி. இங்கே பிரச்னை சத்துக் குறைவு அல்ல, மரபணுப் பிழை. வைட்டமின் ஏ-வை அளவுக்கு மீறிக் கொடுத்தால் அதுவே நஞ்சாகும்.

ஆனால் நம்பிக்கை தரும் ஒரு கதை உண்டு, அதன் நாயகனும் ஒரு நாய்தான். பிரியார்ட் இனத்தில் 'ஆர்பிஇ65' என்ற மரபணுப் பிழையால் பிறவியிலேயே பார்வைக் குறைபாடு வருகிறது. அந்தப் பிழையோடு பிறந்த லேன்ஸ்லாட் என்ற நாயின் கண்ணுக்குள் சரியான மரபணுவைச் செலுத்தி, பார்வை வரவைத்ததாக 2001-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அதே மரபணுப் பிழை மனிதக் குழந்தைகளுக்கும் பார்வையைப் பறிக்கிறது. நாய்களில் கிடைத்த அந்த வெற்றிதான் பிறகு மனிதர்களுக்கான 'லக்ஸ்டர்னா' என்ற மரபணு சிகிச்சையானது. அதற்கு 2017 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி அளித்தது. அறிமுக விலை இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 8,50,000 டாலர். அதுவும் அந்த ஒரு மரபணுவுக்கு மட்டும். வீட்டு நாயின் பிஆர்ஏ-வுக்கு இப்போதைக்குத் தடுப்பதே வழி.

பார்வை போய்விட்ட நாய்?

அதன் வாழ்க்கை முடிந்துவிடவில்லை. வலி இல்லாததால் பெரும்பாலான நாய்கள் வீட்டாரைவிடச் சீக்கிரம் பழகிக்கொள்கின்றன. முன்பே தெரிந்தால் பார்வை இருக்கும்போதே "படி", "நில்", "மெதுவா" போன்ற சொற்களைப் பழக்கிவிடலாம். சாமான்களை இடம் மாற்றாதீர்கள். படிக்கட்டுக்குக் கேட் போடுங்கள், படி தொடங்கும் இடத்தில் கால்மிதி போட்டால் காலுக்கு அடையாளம் தெரியும். தூங்கும்போது தொடாமல் முதலில் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். மட்டாஞ்சேரி மாதிரி ஆட்டோவும் சரக்கு வண்டியும் உரசிப் போகும் தெருக்களில் கயிறு இல்லாமல் விடவே கூடாது.

பப்பி வாங்கும் முன் கேட்க வேண்டியவை

இந்தியாவில் இதை மாற்றும் சக்தி, சட்டத்தைவிட இப்போதைக்கு வாங்குபவரிடம்தான் அதிகம். நிறம், தலை சைஸ், 'கேசிஐ பேப்பர்' இருக்கா என்று கேட்கிறோம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் அந்தச் சான்று வம்சாவளிச் சான்று. தாத்தா பாட்டி யார் என்று சொல்லும், கண் எப்படி என்று சொல்லாது. எனவே கூடவே இவற்றையும் கேளுங்கள்:

- தாய், தந்தை இரண்டுக்கும் இந்த இனத்துக்கான பிஆர்ஏ மரபணுப் பரிசோதனை செய்திருக்கிறதா? ரிப்போர்ட்டைக் காட்ட முடியுமா?
- ரிப்போர்ட்டில் உள்ள மைக்ரோசிப் எண்ணும் நாயின் எண்ணும் ஒன்றுதானா?
- கடைசியாகக் கண் பரிசோதனை நடந்தது எப்போது?
- இதே ஜோடியின் பழைய குட்டிகள் இப்போது எப்படி இருக்கின்றன?
- மாநில விலங்கு நல வாரியப் பதிவு எண் என்ன?

இரண்டு பெற்றோரும் 'கிளியர்' என்றால், அந்த ஒரு பிழையைப் பொறுத்தவரை குட்டியும் கிளியர். ஒன்றாவது கிளியர் என்றால், பிஆர்சிடி வகை நோய் குட்டிக்கு வராது. "அதெல்லாம் ஃபாரின்ல பண்றது சார்" என்று பதில் வந்தால், வேறு இடம் பாருங்கள்.

தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ நாட்டு நாயைத் தத்தெடுப்பவர்களுக்கு? பல வம்சம் கலந்த நாய்களில் ஒரே பிழை இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு குறைவு. ஆனால் பூஜ்ஜியம் அல்ல. உண்ணிக் காய்ச்சலும் கண் அழுத்தமும் வம்சாவளி பார்த்து வருவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனை அவற்றுக்கும் வேண்டும்.

ஏற்கெனவே நாய் வளர்ப்பவர்கள், அடுத்த தடுப்பூசித் தேதியை மொபைல் காலண்டரில் குறித்திருப்பீர்கள். அதன் பக்கத்தில் 'கண்' என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள்.